அளவு சரியாகத்தான் இருந்தது

அத்தான்,

இங்கே டில்லி மயூர் விஹாரில் மெட்ரோ நிலையத்துப் படிக்கட்டு முடிகிற இடத்தில் செருப்புத் தைக்கிறவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் என் செருப்பு வார் அறுந்துபோய் அவரிடம் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். அவர் நூலை எடுத்து, ஒரு மெழுகுக் கட்டியின் மேல் வைத்து இழுத்தார். வெயிலில் இளகிப்போயிருந்த தேன்மெழுகு. வாசனை மூக்கில் ஏறியதும் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். "பாபுஜி, பைட் ஜாவோ" என்று அவர் தன் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன். செருப்பு தைத்து முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அது உங்கள் பின்பக்கத்து வராந்தாவின் வாசனை. எழுபதுகளின் கடைசியில், கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பம்ப் ஸ்டவ்வில் ஒரு தகரக் குவளையை வைத்துத் தேன்மெழுகையும் விளக்கெண்ணெயையும் உருக்கிக்கொண்டிருப்பீர்கள். அக்கா வாசலில் வந்து நிற்பாள். "இட்லிக்குத் தண்ணி வைக்கணும். உங்க வெடிகுண்டுச் சமையல் எப்ப முடியும்?" என்பாள். நீங்கள் நிமிராமல், "வெடிகுண்டுன்னு சத்தமாச் சொல்லாதே. மேல்வீட்டு வர்மா காதுல விழுந்தா போலீஸ்ல போய் நிப்பான்" என்பீர்கள்.

வேலை கிடைத்து டில்லிக்கு வந்த நான் கல்யாணம் ஆகும்வரை உங்கள் வீட்டில்தான் இருந்தேன். அக்காவின் தம்பி என்பதைவிட உங்கள் சிநேகிதன் என்பதுதான் அந்த வீட்டில் என் உத்தியோகம். நீங்கள் அரசாங்கக் கட்டட இலாகாவில் வரைவாளர். நாளெல்லாம் யாரோ கட்டப்போகிற படிக்கட்டையும் ஜன்னலையும் மெல்லிய கோடாக இழுத்துக்கொண்டிருப்பீர்கள். பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்தபோது என்.சி.சி.யில் தொட்ட துப்பாக்கி உங்களை விடவில்லை. டில்லியில் ஒரு துப்பாக்கிச் சுடும் சங்கத்தில் சேர்ந்தீர்கள். லைசென்ஸ் வாங்கி, பழைய கைத்துப்பாக்கி ஒன்றையும் வாங்கினீர்கள். சங்கத்தில் மற்றவர்களெல்லாம் ராணுவ அதிகாரிகள், பண்ணைக்காரர்களின் பிள்ளைகள். வெளிநாட்டிலிருந்து யாராவது அவர்களுக்குத் தோட்டா கொண்டுவந்து கொடுப்பார்கள். உங்களுக்கு அப்படி யாரும் இல்லை. நம் ஊர் ஆட்கள் டில்லிக்கு வருவதே பெரிய காரியம்.

தூதரகம் ஒன்றில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது தோட்டா செய்கிற ஒரு கைப்பிரஸ்ஸைச் சங்கத்துக்கு விட்டுவிட்டுப் போனார். அதைத் தொட ஆள் இல்லை. நீங்கள்தான் சங்கத்துச் செயலாளரைப் பிடித்து, அனுமதிக் காகிதங்களுக்கு ஆபீஸ் ஆபீஸாக நடந்து, அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வராந்தாப் பலகையில் முடுக்கி வைத்தீர்கள். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூடு வீணாவதில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கூட்டைச் சுத்தம் செய்து, புது வெடிமருந்து போட்டு, மெழுகு தடவிய புதுக் குண்டைக் கூட்டின் வாயில் வைத்து அமுக்கினால் அது மறுபடியும் தோட்டா. சுத்தம் செய்கிற வேலையை அக்கா எடுத்துக்கொண்டாள். உங்கள் மேல் இருந்த பிரியத்தால் அல்ல. நீங்கள் பித்தளை தேய்க்கிற லட்சணத்தைப் பார்க்கச் சகிக்காமல். புளியைக் கரைத்துப் போட்டு, குத்துவிளக்கை விளக்குகிற மாதிரி விளக்கி, மொட்டைமாடியில் துண்டை விரித்து வெயிலில் காயவைப்பாள். தங்க மணி மாதிரி மின்னும். காக்கை ஒன்று ஒரு கூட்டைத் தூக்கிக்கொண்டு போனதும், நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடி மாடியாகத் தாண்டியதும் அந்தக் காலனியில் வெகுநாள் பேச்சாக இருந்தது.

அதெல்லாம் சந்தோஷமான பகுதி. அதிலேயே நின்றுகொண்டிருக்கத் தோன்றுகிறது.

தொல்லை நீளத்தில் வந்தது. ஒரே கூடு, ஒரே குண்டு, ஒரே பிரஸ். ஆனால் செய்து முடித்த தோட்டாக்களை வரிசையாக நிறுத்தினால் ஒன்று மற்றொன்றைவிட ஒரு மயிரிழை உயரமாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. காஷ்மீரி கேட்டில் பழைய சாமான் கடையில் வாங்கிய வெர்னியர் அளவுகோலால் பிடித்தால் தெரியும். "இம்புட்டு வித்தியாசத்துக்கா இந்தப் பாடு?" என்று அக்கா கேட்டாள். நீங்கள் அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னீர்கள்.

"நீளம் கூடிப்போனா துப்பாக்கிக்குள்ள சிக்கும். அது பரவாயில்ல. குறைஞ்சுபோனாதான் வம்பு. குண்டு உள்ள எறங்க எறங்க மருந்துக்கு எடம் சுருங்கும்லா? சின்னக் குக்கர்ல பெரிய குக்கருக்கு உள்ள அரிசியைப் போட்டா என்ன ஆகும்?"

"வெயிட்டு பறந்து சீலிங்குல போய் இடிக்கும்."

"அம்புட்டுதான் விஷயம்."

அக்கா அன்றிலிருந்து அந்த வராந்தாவில் கூட்டிப் பெருக்கும்போதுகூட நுனிக்காலில் நடந்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நாம் அந்த மயிரிழையைத் துரத்தினோம். பிரஸ்ஸின் கைப்பிடியை நான் இழுத்தால் ஒரு மாதிரி, நீங்கள் இழுத்தால் ஒரு மாதிரி வருகிறதோ என்று சந்தேகப்பட்டு என்னை நிறுத்தினீர்கள். நீங்கள் மட்டும் இழுத்தும் சரிவரவில்லை. ஒவ்வொரு கம்பெனிக் கூட்டையும் தனித்தனி டப்பாவில் பிரித்தீர்கள். கொஞ்சம் தேறியது. பிறகு ஒரு காலை வெர்னியரில் பார்த்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி, "மாப்ளே, காலைல முதல்ல செஞ்சது நெட்டை. போகப் போகக் குட்டை. இதைக் கவனிச்சியா?" என்றீர்கள். பிரஸ்ஸைக் கழற்றினோம். குண்டின் மூக்கை அமுக்குகிற தண்டின் முனையில் ஒரு சிறு குழிவு உண்டு. குண்டில் தடவியிருந்த மெழுகு அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து அடையாகக் கட்டியிருந்தது. அந்த அடை தடிக்கத் தடிக்கக் குண்டு கூடுதலாக உள்ளே இறங்கியிருக்கிறது. ஊசியால் நெம்பி அதை வெளியே எடுத்து, சட்டைப் பொத்தான் மாதிரி உள்ளங்கையில் வைத்துக் காட்டினீர்கள். "இவன்தான் திருடன்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு தோட்டாவுக்கும் தண்டைத் துடைத்தோம். நீளம் ஒன்றுபோல வந்தது. வரிசையாக நிறுத்திவைத்து, எதிரே தரையில் தாடையை வைத்துப் படுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தீர்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே உயரப் பிள்ளைகளாகப் பார்த்து நிறுத்தினால்கூட இப்படி நிற்க மாட்டார்கள் என்றீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு நிறைவை உங்கள் மகள் பிறந்தபோதுதான் மறுபடி பார்த்தேன்.

நேகியைப் பற்றி இனிமேல்தான் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் எழுதுகிறேன். எழுதாமல் தாண்டிப் போக முடியவில்லை.

நேகி கடுவாலி. மலைக்காரன். உங்கள் ஆபீஸுக்கு எதிர்க் கட்டடத்தில் குமாஸ்தா. சங்கத்தில் சம்பளக்காரர்கள் நீங்கள் இருவர்தான் என்பதால் ஒட்டிக்கொண்டீர்கள். நம் காலனியில் நெல்லைக்காரர்கள் உங்களைக் கூப்பிடுவதைக் கேட்டு அவனும் உங்களை "அண்ணாச்சி" என்பான். 'அன்னாச்சி' என்றுதான் அவன் வாயில் வரும். அக்காவின் தோசைக்காகவே ஞாயிற்றுக்கிழமை வருவான். அவனுடைய துப்பாக்கி, ராணுவத்திலிருந்த பெரியப்பா விட்டுப்போனது; உங்கள் தோட்டா அதற்கும் சேரும். உங்களைவிட நன்றாகச் சுடுவான் என்று நீங்களே சொல்வீர்கள். "அவனுக்குக் கை கல்லு மாதிரி நிக்கும் மாப்ளே. எனக்குக் கணக்குதான் வரும்."

மாநில அணிக்கு ஆள் எடுக்கிற போட்டி வந்தது. அவனுக்கு வரவேண்டிய தோட்டா வரவில்லை. கேட்கக் கூச்சப்பட்டு நின்றவனிடம் நீங்களாகவே ஒரு பெட்டியை நீட்டினீர்கள். "எல்லாம் ஒரே அளவு. ஒண்ணொண்ணா நானே பாத்தது" என்று இந்தியில் சொன்னீர்கள். அவன் பெட்டியை நெற்றியில் தொட்டு வாங்கிக்கொண்டான்.

அன்று நான் சுடுகிறவர்களுக்குப் பின்னால் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். ஊருக்கு வெளியே, கீக்கர் முள்மரங்களுக்கு நடுவில் இருந்த மைதானம். நீங்கள் அவனுக்கு இரண்டு ஆள் தள்ளி நின்றீர்கள். முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அப்புறம் ஒரு சத்தம். மற்றச் சத்தங்களைப் போல இல்லை. கனத்த, அடைத்த சத்தம். துப்பாக்கியின் பிடி பிளந்து விழுந்தது. நேகி தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டது போலத் திரும்பி உங்களைப் பார்த்தான். கத்தவில்லை. நீங்கள் ஓடினீர்கள். மைதான அதிகாரி துப்பாக்கியைக் கீழே வை, கீழே வை என்று கத்தியது உங்கள் காதில் விழவில்லை. கையில் இருந்த துப்பாக்கியோடு ஓடி, பிறகு அதை மண்ணில் போட்டுவிட்டு, உங்கள் துண்டால் அவன் கையைச் சுற்றினீர்கள். துண்டு போதவில்லை. நான் கயிற்றைத் தாண்டி வந்தும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஜீப்பில் அவன் தலையை மடியில் வைத்திருந்தேன், அவ்வளவுதான். போகிற வழியெல்லாம் அவன் உங்களிடம், "அன்னாச்சி, மை டீக் ஹூம், டீக் ஹூம்", எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

சுட்டுவிரலும் நடுவிரலும் போய்விட்டன.

அதற்கு அடுத்த நாட்களில் நம் வீட்டில் சமையல் நடந்ததா என்றுகூட எனக்கு நினைவில்லை. சங்கத்தில் உங்களை நிற்கவைத்துக் கேட்டார்கள். 'மதராஸி பாபுவின் டப்பா தோட்டா' என்று ஒருவர் உங்கள் காதுபடவே சொன்னார். போலீஸ் வந்து பிரஸ்ஸையும் மருந்தையும் மீதித் தோட்டாக்களையும் எடுத்துக்கொண்டு போனது. அரசாங்க வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும், கேஸ் வரும் என்று அக்கா கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் சொன்னீர்கள்: "நான் செஞ்ச தோட்டாதான்."

உங்களைக் காப்பாற்றியது நேகி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவனிடம் வாக்குமூலம் வாங்க வந்த இன்ஸ்பெக்டரிடம், "பிஸ்தௌல் புரானா தா, ஸாப். பஹுத் புரானா" என்றான். துப்பாக்கி பழசு, பெரியப்பா காலத்தது, உள்ளே தேய்ந்துபோனது, எனக்கே தெரியும், தெரிந்துதான் சுட்டேன் என்றான். தோட்டா மேல் குற்றமில்லை என்று எழுதச் சொல்லி, இடது கைக் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தான். நீங்களும் நானும் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தோம். அவன் உங்களைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். நீங்கள் வெளியே வராந்தாவுக்குப் போய்விட்டீர்கள்.

சோதனைக்குப் போன மீதித் தோட்டாக்கள் சில வாரங்களில் திரும்பி வந்தன. எல்லாம் அளவு சரி, மருந்து சரி என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு மூச்சு வந்தது. உங்களுக்கு இல்லை. அவற்றை மறுபடி ஒவ்வொன்றாக வெர்னியரில் பிடித்துப் பார்த்தீர்கள். ஆபீஸுக்குப் போகும்முன் பார்ப்பீர்கள், வந்து பார்ப்பீர்கள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"இன்னும் என்னத்தத் தேடுதீங்க அத்தான்? எல்லாம் சரியாத்தான இருக்கு?"

"எல்லாம் சரியா இருக்கு மாப்ளே. அதான் பயமா இருக்கு. ஒண்ணாவது தப்பா இருந்தா, அந்தா அதுதான்னு கையைக் காட்டிட்டுப் படுத்துத் தூங்குவேன்லா?"

மறுநாள் காலையிலும் ஆபீஸுக்குப் போகும்முன் வெர்னியரை எடுத்தீர்கள்.

வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டீர்கள். அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு மந்திர் மார்க் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தாள். மருந்தைக் கொட்டிவிட்ட ஒரு வெற்றுத் தோட்டாவைப் பலகை மேல் வைத்திருந்தீர்கள். குண்டு உண்டு, உள்ளே ஒன்றும் கிடையாது. பக்கத்தில் உங்கள் துப்பாக்கி. "என் கண்ணை நம்பாதே. நீ அளந்து சொல்லு" என்று வெர்னியரை என் கையில் கொடுத்தீர்கள். அளந்தேன். சரியாக இருந்தது. அந்தத் தோட்டாவைத் துப்பாக்கியின் பிடிக்குள் செருகுகிற மேகஸினில் போட்டு, மேல்பாகத்தை இழுத்துவிட்டீர்கள். அது பாய்ந்து உள்ளே போய் உட்கார்ந்தது. வெளியே எடுத்தீர்கள்.

"இப்பம் பாரு."

"கொஞ்சம் குறைஞ்சிருக்கு அத்தான்."

மறுபடியும் உள்ளே அனுப்பினீர்கள். எடுத்தீர்கள். மறுபடியும் குறைந்திருந்தது. ஒவ்வொரு தடவை உள்ளே பாயும்போதும் குண்டின் மூக்கு எதிலோ இடிபட்டு, கூட்டுக்குள் ஒரு நூலளவு இறங்கியது. கடைசியில் வெர்னியர் தேவைப்படவில்லை. கண்ணுக்கே தெரிந்தது. நீங்கள் அதைப் பலகை மேல் நிறுத்திவைத்தீர்கள். எனக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்கு அதற்கு முன்பே புரிந்திருக்கிறது.

நேகிக்கு ஒரு பழக்கம் உண்டு. சுடுவதற்கு முன்னால் படபடப்பில், முதல் தோட்டாவை உள்ளே அனுப்புவான், எடுப்பான், மேகஸினில் மேலாக வைப்பான், மறுபடி அனுப்புவான். சிலர் விரலைச் சொடுக்குவது மாதிரி அவனுக்கு அது. அதிகாரி எத்தனையோ தடவை திட்டியிருக்கிறார். நாம் அவனைக் கேலிகூடச் செய்திருக்கிறோம்.

"அப்பம் உங்க மேல தப்பில்லையே அத்தான்" என்றேன். என் குரலில் சந்தோஷம் இருந்திருக்க வேண்டும். நீங்கள் என்னைப் பார்த்த பார்வையில் அது செத்தது.

"நான் கூட்டோட வாயை இன்னுங் கொஞ்சம் இறுக்கியிருந்தா எத்தனை தடவை போட்டு எடுத்தாலும் நகர்ந்திருக்காது. நீளத்தைப் பார்த்தேன். பிடியைப் பார்க்கல. பலகை மேல நிக்கும்போது அளந்தேன், துப்பாக்கிக்குள்ள போனப்புறம் என்ன ஆகும்னு யோசிக்கல."

"சரி. ஆனா அவரு அப்படிப் போட்டுப் போட்டு எடுக்காம இருந்திருந்தா?"

"இருந்திருந்தா நடந்திருக்காதோ என்னமோ. துப்பாக்கி பழசா இல்லாட்டியும் நடந்திருக்காதோ என்னமோ. யாருக்குத் தெரியும்?"

"அதையாவது அவர்ட்ட சொல்லிருவோம். உங்க தோட்டாவாலதான்னு மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டு, வெளிய உங்களுக்காகப் பொய் சொல்லுதாரோ என்னமோ."

"என்னன்னு சொல்ல? உன் வெரலை நீயே கெடுத்துக்கிட்டேன்னா? போனது வருமா? இப்பம் ராத்திரி படுத்தா, அண்ணாச்சிக்காகப் போச்சு, துப்பாக்கிக்காகப் போச்சுன்னு எதையாவது நெனச்சுத் தூங்குவான். அதையும் புடுங்கணுமா?" வெற்றுத் தோட்டாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டீர்கள். "யார்ட்டயும் சொல்லாதே மாப்ளே. உங்க அக்காட்ட கூட. அவ வாயில எதுவும் நிக்காது, தோசையோட சேத்துப் பரிமாறிருவா."

சரி என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

நேகி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்தவில்லை. அதுதான் உங்களுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். முதல் தடவை வந்தபோது தட்டின் முன்னால் உட்கார்ந்து, இடது கையால் சாப்பிடுவதா என்று கூசி, தோசையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அக்கா ஒன்றும் சொல்லாமல் தோசையைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்துச் சாம்பாரில் போட்டு, ஒரு கரண்டியைப் பக்கத்தில் வைத்தாள். எனக்கும் அப்படியே செய்து கொடுத்தாள். குழந்தைக்குத் தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் நீங்கள் எழுந்து உள்ளே போனீர்கள். நேகி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நீங்கள் திரும்பி வருகிறவரை காத்திருந்தான்.

ஆபீஸில் இடது கையால் எழுதப் பழகினான். அவன் எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்தாகிவிட்டது என்று அவனே சிரிப்பான். "அன்னாச்சி, ஃபிர் ஷுரூ கரோ. நான் பக்கத்துல நின்னு பார்க்கிறேன்" என்று உங்களை மறுபடி சுடச் சொன்னான். கண் சரியில்லை என்றீர்கள். துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு லைசென்ஸை ரத்து செய்தீர்கள். அவனும் விடாமல், உங்கள் எதிரில் பேச்சு எங்கே சுற்றினாலும் பெரியப்பாவின் துப்பாக்கியைத் திட்டிக்கொண்டே இருந்தான். சனியன், துருப்பிடித்த சனியன் என்பான். அவன் திட்டத் திட்ட நீங்கள் தலையைக் குனிந்துகொள்வீர்கள். நடுவில் உட்கார்ந்திருக்கிற எனக்கு உங்கள் இருவர் கையையும் பிடித்து ஒன்றாகச் சேர்த்துவிட்டு எழுந்து போய்விட வேண்டும் போல இருக்கும். அதற்கு ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையைத்தான் நீங்கள் என்னிடமிருந்து வாங்கிவிட்டீர்களே.

எண்பதுகள் முடியும்முன் நீங்கள் போய்விட்டீர்கள். ஆபீஸில், வரைபலகை மேல் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள் என்று போன் வந்தது. நான் வந்து சேரும்போது பேச்சுக்கு இடமில்லை. யமுனைக் கரையில் உங்களைத் தூக்கிப்போனபோது நேகி முன்பக்க மூங்கிலைப் பிடித்தான். அந்தக் கையால் பிடி நிற்காமல் நழுவியது. மாற்ற வந்த ஆளைத் தோளால் தள்ளிவிட்டு, மூங்கிலை முழங்கை மடிப்பில் வைத்துத் தூக்கி வந்தான்.

காரியம் முடிந்த அன்று என்னைத் தனியாக வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டான். அன்னாச்சி என்னைப் பற்றி எப்போதாவது ஏதாவது சொன்னாரா, அந்த நாளைப் பற்றி, என்று இந்தியில் கேட்டான்.

"இல்லை" என்றேன்.

"எனக்கு அவரிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதைச் சொல்லத்தான் வருவேன். தோசையைத் தின்றுவிட்டுப் போய்விடுவேன்."

அது என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவன் சொல்லிவிடுவான், பிறகு நானும் சொல்ல வேண்டிவரும் என்று பயம். அவனும் தானாகவே அந்த முதல் தோட்டாவை யோசித்து வைத்திருந்தானா? வேறு ஏதாவதா? தெரியாது அத்தான். ஓய்வு பெற்று மலைக்குத் திரும்பினான். சில வருஷங்களில் அவன் மகன் போன் செய்து, அப்பா காலமாகிவிட்டார் என்றான். அக்காவுக்கு அப்போது உடம்பு சரியில்லை. அவளிடம் சொல்லவில்லை. பிறகு சொல்ல வாய் வரவில்லை.

அக்கா இப்போது உங்கள் மகளோடு இங்கே மயூர் விஹாரிலேயே, எனக்கு அடுத்த கட்டடத்தில் இருக்கிறாள். போன குளிர்காலத்தில் ஒரு மத்தியானம் பால்கனி வெயிலில் இருவரும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு நினைவு கொஞ்சம் முன்னே பின்னே போகிறது. காலையில் சாப்பிட்டது மறந்துவிடும். கிட்வாய் நகர் மறக்காது. உரித்துக்கொண்டே சொன்னாள்:

"வெள்ளிக்கிழமை விளக்கேத்தும்போது அந்த நேகிப் பையனுக்காக ஒரு திரி தனியா போடுதேன், தெரியுமா ஒனக்கு?"

"தெரியாதே. என்னைக்கிருந்து?"

"அன்னைக்கிருந்துதான். உங்க அத்தான் கையால ஒரு மனுஷனோட கை போச்சுல்லா. அவரு நினைச்சுச் செய்யல, அது சாமிக்குத் தெரியும். இருந்தாலும் அந்தப் பாவம் வீட்டுல இருக்குல்லா தம்பி. நானுந்தான அந்தக் கூட்டையெல்லாம் வெளக்கிக் குடுத்தேன்."

எனக்குப் பட்டாணி கையிலிருந்து உருண்டு ஓடியது. இத்தனை வருஷமும் அவள் ஒரு நாளும் இதை வாயைத் திறந்து சொன்னதில்லை. எதுவும் வாயில் நிற்காது என்று நீங்கள் சொன்ன அக்கா.

அப்போது சொல்லிவிட்டேன் அத்தான். வெற்றுத் தோட்டா உள்ளே போய்ப் போய்க் குறைந்தது, நேகியின் பழக்கம், நீங்கள் என்னிடம் வாங்கிக்கொண்ட சத்தியம், எல்லாவற்றையும். சின்னக் குக்கர், பெரிய குக்கர் என்று நீங்கள் சொன்ன கணக்கிலேயே சொன்னேன். கேட்டு முடித்து, அவள் கீழே பார்க்கில் கிரிக்கெட் ஆடுகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அல்லது இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று என்னை ஏசுவாள் என்று நினைத்தேன்.

"இது நேகிக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாதுக்கா. அத்தான் சொல்ல வேண்டாம்னுட்டாவ."

"தெரிய வேண்டாம்" என்றாள். "ஞாயித்துக்கிழமை அவன் வந்தா நீயும் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

அவன் இனி வரமாட்டான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் உரித்த பட்டாணிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி, மீதியை நீ உரி என்றாள். உரித்தேன்.